குருமதாவின் நாக்கும் கண் மாத்திரையும்

ஒசாகாவின் கோலி சோடா வியாபாரிகளிடையே குருமதாவின் நாக்குக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையைப் பரப்பியவரும் அவரேதான். தினமும் காலையில் தன் சோடா தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் பாட்டிலின் கோலியை உள்ளே தள்ளி, ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடி ருசி பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் லாரி நகரும்.

அந்தக் கோடையில் அவருடைய கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கும்வரை கண் டாக்டர் அசிட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது சிறுநீரையும் இறக்கும், கண்ணின் அழுத்தத்தையும் இறக்குமாம். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப்போன மனுஷன் நாள் முழுக்கக் கழிவறைக்கு ஓடினார். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. கண் போகிறது என்று தெரிந்தால் நாக்கையும் சந்தேகப்படுவார்களே! ஆபீஸ் கூட்டத்தின் நடுவே அவர் எழுந்து ஓடினால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். திரும்பி வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

திருவிழாவுக்கான சரக்கு தயாரான அன்று, முதல் மடக்கை அப்படியே துப்பினார்.

"என்னய்யா இது? துருப்பிடிச்ச ஆணியைச் சப்புற மாதிரி இருக்கு!"

மேனேஜர் இசொகாய் முதலில் முதலாளியின் முகத்தைப் பார்த்தார், பிறகு குடித்தார், பிறகு தன் முகத்தையும் அதேபோலக் கோணிக்கொண்டார். "ஆமா முதலாளி. துருவேதான். தொண்டை வரைக்கும் போகுது."

விற்பனையைக் கவனிக்கும் ட்சுபோவுச்சி விடுவாரா? "எனக்கு நேத்தே ஒரு சந்தேகம் முதலாளி. சொன்னா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு பேசாம இருந்துட்டேன்."

தரம் பார்க்கும் ஒரிஹராவின் கையில் சோதனை முடிவு இருந்தது. எல்லாம் சரி என்றது அது. அவள் தாளை மெல்ல மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். "மெஷினுக்கு என்ன தெரியும் முதலாளி? உங்க நாக்கு சொன்னா சரிதான்."

சரக்கு முழுவதையும் சாக்கடையில் கொட்டினார்கள். குழாய்களை எல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டார்கள். இசொகாய் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். திருவிழாவில் ஊரே போட்டிக் கம்பெனியின் சோடாவைக் குடித்தது.

அடுத்த முறை கண்ணைக் காட்டப் போனபோது டாக்டர் சாவகாசமாகக் கேட்டார்: "பீர், சோடா எல்லாம் வாயில வைக்க முடியலையா? பயப்படாதீங்க. இந்த மாத்திரை சாப்பிட்டா கேஸ் போட்டதெல்லாம் சிலருக்கு இரும்பு மாதிரி கசக்கும். நிறுத்துனா சரியாயிடும்."

குருமதாவுக்கு உயிர் வந்தது. சோடாவில் பழுதில்லை, நாக்கிலும் பழுதில்லை! ரயிலில் பாதி தூரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். தான் மாத்திரை சாப்பிட்டது சரி. அந்த மூன்று பேரும் எதைச் சாப்பிட்டார்கள்?

மறுநாள் காலையும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். குடித்தார். அதே துரு. முகத்தை மலர்த்திக்கொண்டு, "அடடா! பழைய ருசி வந்துடுச்சு!" என்றார்.

"அமிர்தம் முதலாளி!" என்றார் இசொகாய்.

"துரு இருந்த இடமே தெரியல," என்றார் ட்சுபோவுச்சி.

"வெட்கமா இல்ல உங்களுக்கு?" குருமதா பாட்டிலை மேஜையில் ஓங்கி வைத்தார். கண் நோய், மாத்திரை, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "எனக்கு இன்னிக்கும் துருதான்யா! நல்ல சோடாவைச் சாக்கடையில ஊத்த வச்சிட்டீங்களே!"

மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டிக்கொண்டே இருந்தவருக்கு வேறொரு சந்தேகம் எழுந்தது. முப்பது வருஷமாக இந்த சோடாவை ஆஹா என்று புகழ்ந்ததும் இதே வாய்கள்தானே? அவருக்குப் பயமாக இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரிஹரா, நீயாவது உண்மையைச் சொல்லும்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன். நம்ம சோடா நிஜமாவே நல்லா இருக்கா?"

அவள் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். நிதானமாக விழுங்கினாள். மிகுந்த பணிவோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படி இருக்கு முதலாளி?"