ஊசி நாளில் வந்த அம்மை

ரெட்டிபாளையத்தில் லாரி ஓட்டும் வேல்முருகனின் வீட்டு வாசலில் ஒரு வாரமாக வேப்பிலை தொங்கியது. மகள் அபிநயாவுக்கு அம்மை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டில் தாளிப்பு இல்லை. யாரும் வெளியூர் போவதும் இல்லை. ஆனால் அன்று அவன் மனைவி கலையரசிக்குப் பெரம்பலூர் மருத்துவமனையில் மாதாந்திர ஊசி.

அவளுக்கு இருந்த நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மருத்துவர் அறிவரசன் அதைக் கதையாகவே விளக்கியிருந்தார். ஊர்க்காவலர்கள் புத்தி பிறழ்ந்து, மதிலேறி அரண்மனைக்குள் குதித்து, மணிக்கயிறுகளை உரித்துவிட்டார்களாம். ராஜா இழுத்தும் மணி ஒலிக்கவில்லை. காவலர்கள் வெள்ளணுக்கள், அரண்மனை மூளை, மணிக்கயிறுகள் நரம்புகள், மதில் இரத்தக் குழாயின் சுவர். அழற்சி கண்ட சுவர் சொரசொரத்துப் போவதால் ஏறுவது எளிது. ஊசியிலுள்ள எதிர்ப்புரதம் காவலர்களின் கைகளுக்கு உறை மாட்டிவிடும். பிடி கிடைக்காமல் இரத்தத்தோடே போய்விடுவார்கள். மருந்தின் வலு குறைந்தால் உறை கழன்றுவிடும். சென்ற ஆண்டு ஊசி தள்ளிப்போனபோது அவளுடைய வலது கால் மரத்துப்போயிற்று.

"ஆத்தா வந்திருக்கறப்ப வூட்ட விட்டுப் போவக்கூடாது கலை."

"கால் போனா நீங்களா மாமா தூக்கிட்டுத் திரிவீங்க?"

வேல்முருகன் பெருமூச்சு விட்டான். "சரி, போ. அங்க போயி அம்மைன்னு மட்டும் வாயத் தொறக்காத. திருப்பி அனுப்பிடுவாங்க."

ஊசி அறையின் வாசலில் செவிலியர் அனுசுயா வழக்கம்போல் கேட்டார்: "காய்ச்சல், சளி ஏதாவது இருக்கா? வூட்டுல யாருக்காச்சும்?"

கலையரசி இல்லையென்று தலையை ஆட்டப் போனாள். உள்ளே, அவளைப்போலவே மாதாமாதம் அங்கே வரும், சிறுநீரகம் மாற்றிக்கொண்ட கிருஷ்ணமூர்த்தி கையசைத்தார். "வாம்மா! உன் கட்டில்ல ஒருத்தரையும் உக்கார விடல. வாடகை எடுத்து வையி."

எடுத்துவைத்த காலை அவள் பின்னுக்கு இழுத்தாள். "சிஸ்டர், வூட்டுல அம்மை போட்டிருக்கு. மகளுக்கு."

அனுசுயா கதவைச் சாத்திவிட்டு மருத்துவரை அழைத்தார்.

"நல்லவேளை சொன்னீங்க," என்றார் அறிவரசன். "உங்க ஒடம்புல இப்ப அந்தக் கிருமி இருந்தா, இந்த மருந்து போட்டதும் மூளைவரைக்கும் போவலாம். உள்ள இருக்கறவருக்கு எதிர்ப்பு சக்தியே கம்மி, தொத்துனா தாங்கமாட்டாரு. சின்ன வயசுல உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

"போட்டதா அம்மா சொல்லும்."

"ரத்தத்துல பாத்துடுவோம். எதிர்ப்பு இருந்தா நாளைக்கே தனி ரூம்ல போட்டுடலாம். இல்லன்னா மூணு வாரம் பொறுக்கணும்."

மூன்று வாரம். மரத்தடி பெஞ்சில் அமர்ந்து வலது காலைத் தடவிக்கொண்டிருந்தாள். மாலையில் அனுசுயா வெளியே வந்தார். "ரத்தத்துல எதிர்ப்பு இருக்குங்க. காலையில வந்துடுங்க."

அவள் கணவனை அழைத்தாள். "சொல்லிட்டேன் மாமா. நாளைக்குத்தான் ஊசி."



"மறுபடியும் வூட்ட விட்டுப் போவணுமா?"

"ஆமா."

"போ. பாப்பாவுக்கு இளநி நான் வெட்டித் தரேன். ஆத்தாகிட்ட நானே சொல்லிக்கறேன்."