முத்துமாரி கிட்னிக்குக் கோபமா?

முத்துமாரி தன் கிட்னி ஒன்றைப் புருஷன் பூதத்தானுக்குக் கொடுத்து மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் ஜெயம் அவளுக்குத்தான். "என் கிட்னியை உள்ள வச்சுக்கிட்டு என்னையே எதுத்துப் பேசுதியளோ?" என்று ஒரு போடு போடுவாள். தாராவிச் சந்திலிருந்து கிளம்பும் அந்தக் குரலுக்கு, சயான் ஸ்டேஷனில் நிற்காத ஃபாஸ்ட் டிரெயின்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும்.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை வாயடைத்துப்போனாள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பூதத்தானுக்கு, கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது. உடம்பு அந்தக் கிட்னியை வேண்டாமென்று தள்ளுகிறதோ என்று மாட்டுங்கா டாக்டர் சந்திரமௌலிக்குச் சந்தேகம்.

"அடிவயித்துல ஊசி விட்டு, கிட்னியிலேர்ந்து துளி சதை எடுத்துப் பார்க்கலாம்" என்றார். பூதத்தான் கண்ணுக்கு அந்த ஊசி செம்பூர் மோனோரயில் தூண் உயரம் தெரிந்தது.

"பயப்படாதீங்கோ. அதுக்கு முன்னாடி இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு. உங்க ரத்தத்துல இந்தம்மாவோட டி.என்.ஏ. துணுக்கு எப்பவும் கொஞ்சம் மிதக்கும். கிட்னி அடிபட்டா நிறைய உதிரும். எவ்வளவுன்னு பார்த்துடலாம்."

அன்றே ரத்தம் எடுத்தார்கள். முத்துமாரிக்குப் புரிந்தது வேறு. கிட்னி இன்னும் தன் கோபத்தோடுதான் இருக்கிறது. தான் திட்டும்போதெல்லாம் உள்ளே சிலிர்த்துச் சிலிர்த்து உதிர்கிறது! பக்கத்து வீட்டு அக்தர் பானுவும் அடித்துச் சொன்னாள்: "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஜக்டா பந்த், சண்டையே கூடாது, முத்துமாரி. சத்தம் கேட்டுச்சு, நான் கரண்டியோட வந்துருவேன்."

"டீ குடிக்கியளா?" என்று முத்துமாரி புருஷனிடம் மெல்லக் கேட்டாள்.

"நீ சொன்னா குடிக்கேன்."

இந்த மரியாதையைக் கேள்விப்பட்டு, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று கோவண்டிச் சொந்தமெல்லாம் வந்து இறங்கியது. பாண்டுப்பிலிருந்த சொந்தம் பழம் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. முத்துமாரியோ சோறு போடும்போதெல்லாம் அவன் அடிவயிற்றைப் பார்த்து, "கோவப்படாத தாயி, அங்கனயே இருந்துக்கோ" என்று உதட்டுக்குள் கெஞ்சினாள்.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் சிரித்தார். "துணுக்கு அரை சதவீதம்கூட இல்லே. நேத்து பார்த்த கிரியாட்டினினும் இறங்கிடுத்து. உடம்பு கிட்னியைத் தள்ளலே, ஊசியும் வேண்டாம். ஆமா, போன டெஸ்டுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டேள்?"

முத்துமாரிக்கு நினைவு வந்தது. முந்தின நாள் கோயில் கொடை. வெட்டின கிடாவில் பாதியை, "கிட்னிக்குத் தெம்பு" என்று அவன் தட்டில் மலையாகக் குவித்தது அவள்தான். போதும் போதுமென்று அவன் கதறியும் விடவில்லை.

பூதத்தான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான்.

"சாமிக்குப் படைச்ச கறி டாக்டர். நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னேன்."

"அவ்வளவு கறி தின்னா கிரியாட்டினின் ஏறத்தான் செய்யும். இனிமே டெஸ்ட் முடிஞ்சப்புறம், அதுவும் அளவா."

வெளியே வந்ததும் முத்துமாரி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில், மாட்டுங்காத் தெருப் பூக்காரிகள் அத்தனை பேரும் பார்க்க, ரோட்டைத் தாண்டும்வரை விடவில்லை. தாண்டிய பிறகும்தான்.