முழங்கால் பிடி

கரகந்தா நகரத்தில் உயரமான கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டுகிறவள் உல்ஜான். நாற்பத்தாறு வயது. இருபது மாடி உயரத்தில் கிரேனின் கண்ணாடி அறை காற்றில் ஆடும்போதும் நிதானமாக ரொட்டியைப் பிய்த்துத் தின்பவள். அங்கிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்து ஜன்னலில், கூரையிலிருந்து தொங்கும் இரும்பு வளையங்களில் பெண்கள் ஏறிப் பழகுவது தெரியும். குளிர்காலம் முழுக்கப் பார்த்தாள். பனி உருகத் தொடங்கியதும் தானும் அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டும் ரைஸ்குல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன்னத் தூக்க நம்ம கிரேனத்தான் கொண்டு போகணும்டி."

"வந்து பாரு. சிரிச்சு முடிச்சதும் கிளம்பிடு."

ரைஸ்குல் வந்தாள். பிளாஸ்கில் டீயோடு ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பயிற்சி தரும் தில்னாஸ் சின்னப் பெண். வளையத்தை இரு கைகளால் பிடித்து, கால்களை நடுவே நுழைத்து, முழங்காலில் மாட்டித் தலைகீழாகத் தொங்க வேண்டும் என்று செய்து காட்டினாள். கல்லூரிப் பெண்கள் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். உல்ஜானின் கைப்பிடி உடும்புப்பிடி. கால்கள்தான் இடுப்பைத் தாண்டவில்லை. மறுபடி உதைத்தாள். காலின் முன்னெலும்பு இரும்பில் மோதி விண்ணென்று வலித்தது.

"சரக்கு ஏறல," என்றாள் ரைஸ்குல்.

"இன்னிக்கு உட்காந்து பாருங்கக்கா. அடுத்த வாரம் செய்யலாம்," என்றாள் தில்னாஸ்.

"வேணாம்மா. வளையத்தக் கொஞ்சம் இறக்கிக் குடு."

இறக்கினாள். உல்ஜான் பல்லைக் கடித்துக்கொண்டு எம்பினாள். ஒரு கால் நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்றும்.

"மாட்டியாச்சு. இப்ப கைய விடுங்க."

"விடறேன்," என்றாள். விடவில்லை.

மேலே கண்ணாடி அறையில் காலுக்குக் கீழே தரை இருக்கும். இங்கே அவளைத் தாங்க அவள் முழங்கால்களைத் தவிர வேறொன்றும் இல்லை. காதுக்குள் ரத்தம் இரைந்தது. பயம் என்றால் இதுதானா என்று நினைத்துக்கொண்டாள்.

ரைஸ்குல் டீயை வைத்துவிட்டு ஓடிவந்து, அவள் தோளுக்குக் கீழே கைகளை ஏந்தினாள்.

"விடுடி. நான் புடிச்சுக்கறேன்."

"தள்ளிப் போ. நீ புடிச்சா நான் தொங்கினதா ஆகாது."

ரைஸ்குல் நகர்ந்தாள். உல்ஜான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கைகள் கீழே சரிந்தன. சட்டை கழுத்து வரை இறங்கி வயிறு தெரிந்தது. அதை இழுத்துவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடி அப்படியே தொங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள். "ஏம்மா, எப்படி எறங்கறது?"

மறுநாள் காலை முழங்காலுக்குப் பின்னால் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. கிரேன் ஏணியின் ஒவ்வொரு படியும் சுருக்கென்று குத்தியது. நின்று நின்று ஏறினாள். அறைக்குள் உட்கார்ந்ததும் வாக்கிடாக்கியில் ரைஸ்குலின் குரல் வந்தது.

"காலு இருக்கா, கழண்டு போச்சா?"

"இருக்கு. வியாழக்கிழமை திரும்பப் போறேன்."

"பைத்தியம்டி நீ."

"கொக்கிய மாட்டிட்டியா?"

"மாட்டியாச்சு."

உல்ஜான் சரக்கைத் தூக்கினாள்.