கோட்டு அறை வாத்தியார்

ஜிபார் சாவுப் பந்திக்காக அறுத்த குதிரையின் குடலைப் புரட்டி வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியதும் இறங்காததுமாகத் தலைமையாசிரியர் தாஷ்தன்பெக் இடுப்பில் கைகளை ஊன்றிக் குனிந்து, "ஐயோ என் அண்ணனே! மலை சாஞ்சிருச்சே! இனி யாரைப் பார்ப்பேன்!" என்று ஓலமிட்டபடி முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தை நோக்கி நடந்தார். கூடாரத்துக்குள் ஜிபாரின் மாமனாருடைய உடலைக் கிடத்தியிருந்தார்கள்.

"நல்லாத்தான் அழுறாரு," என்றாள் பக்கத்து வீட்டு நூரிபா.

"தொண்டை மட்டும்தான் அழுது அக்கா. கண்ணைப் பாருங்க."

காலையிலிருந்து கையில் இருந்த குடல் நாற்றம் ஜிபாரை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் குரல்தான் குமட்டியது.

மாமனார் ஜூமாதில் உள்ளூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை வரலாறும் சமூகப் பாடமும் நடத்தியவர். மறுநாள் பாடத்தை முந்தின மாலையே சமையலறையில் நடத்திப் பார்ப்பார். மாவு பிசைகிற மருமகள்தான் மாணவி.

"சட்டம் பெருசா, நாட்டை ஆள்றவன் பெருசா? சொல்லும்மா."

"எனக்கு இப்ப அடுப்புதான் பெருசு மாமா. கொஞ்சம் தள்ளுங்க."

சிரிப்பார். ஆனால் பதில் வாங்காமல் நகர மாட்டார்.

போன தேர்தலில் அந்தப் பள்ளியே வாக்குச்சாவடி. பாடத்துக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்து, ஓட்டுப் போட வருகிறவர்களை எண்ணச் சொன்னார். ஓட்டுப்பதிவு முடிந்து அதிகாரிகள் கதவில் ஒட்டிய கணக்கோ பிள்ளைகளின் கணக்கைவிட எங்கோ போயிருந்தது. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர்களும் கல்லறைக்குப் போனவர்களும் வந்து ஓட்டுப் போட்டால்தான் அத்தனை வரும்.

"பிள்ளைங்க தப்பா எண்ணிட்டாங்கன்னு வகுப்புல சொல்லிடுங்க," என்றார் தாஷ்தன்பெக்.

மறுநாள் ஜூமாதில் வகுப்பில் சொன்னது வேறு. "நீங்க எண்ணினது சரி."

அந்த வாரமே அவருடைய இரண்டு பாடங்களும் விளையாட்டு வாத்தியாரிடம் போயின. ஜூமாதிலுக்குக் கோட்டு அறைச் சாவியைக் கொடுத்தார்கள். குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளின் கோட்டுகளை வாங்கி மாட்டினார், மணி அடித்ததும் எடுத்துக் கொடுத்தார். நேற்று முன்தினம் இடைவேளையில் பிள்ளைகள் ஓடிவந்தபோது, கோட்டுகளுக்கு நடுவே சரிந்து கிடந்தார்.

தொழுகைக்காக உடலை வெளியே கொண்டுவந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தாஷ்தன்பெக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கரும்பலகைக்கு முன்னால, கையில சாக்பீஸோட, பாடம் நடத்திக்கிட்டே உயிரை விட்டாரு எங்க அண்ணன்! போர்க்களத்துல விழுந்த வீரன் மாதிரி!"

வரிசையில் நின்ற ஒரு மாணவி சட்டென்று நிமிர்ந்தாள். விளையாட்டு வாத்தியார் அவள் தோளில் கைவைத்து அழுத்தினார். அவள் தலை தாழ்ந்தது.

"இவர் எப்படிப்பட்ட மனுஷன்?" என்று வழக்கப்படி முல்லா கூட்டத்தைக் கேட்டார்.

"நல்ல மனுஷன்!"

எல்லாக் குரலுக்கும் மேலே தாஷ்தன்பெக்கின் குரல் கேட்டது. ஜிபார் பானைக்குப் பின்னால் திரும்பிக் காறித் துப்பினாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். ஜிபாரின் கணவன் உலன் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஸ்கூல் வண்டி ஓட்ட ஆள் வேணுமாம். ஹெட்மாஸ்டர் என்னை வரச் சொல்றாரு."

"எதுக்காம் திடீர்னு?"

"எதுக்குன்னா? அப்பா வகுப்புலதான் இறந்தாருன்னு இருக்கட்டுமேங்கிறாரு. கோட்டு ரூம்ல கிடந்தாருன்னு சொன்னா நமக்கு என்ன பெருமை?"

"நீ என்ன சொன்ன?"

உலன் பானையைப் பார்த்தான். "எலும்புக் கறியை அவருக்கு முதல்ல வை."

"பூட்ஸைத் தட்டிட்டு உள்ள போ. உங்கப்பா குழி மண்ணு இன்னும் அப்படியே இருக்கு."

அவன் தட்டாமலே போனான்.

கறித் தட்டை ஜிபார்தான் கொண்டுபோய் வைத்தாள். தாஷ்தன்பெக் தொடை எலும்பைக் கையில் எடுத்து, உள்ளே இருந்ததை உறிஞ்சினார். தாடையில் கொழுப்பு மினுமினுத்தது.

"அழாதம்மா. உன் மாமனாருக்குக் கிடைச்ச சாவு யாருக்குக் கிடைக்கும்? கையில சாக்பீஸோட..."

பெரியவர்கள் பந்தியில் மருமகள் வாய் திறப்பதில்லை. ஜிபார் திறந்தாள்.

"சாக்பீஸ் இல்லைங்க. ஒரு சின்னப் பிள்ளையோட கோட்டு இருந்துச்சு. பித்தான் அறுந்திருந்ததைத் தைச்சிக்கிட்டு இருந்திருக்காரு. ஸ்கூலுக்கு ஓடிவந்து, விரலை நான்தான் பிரிச்சு எடுத்தேன்."

பந்தியில் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. உலன் தலையைத் தூக்கவே இல்லை. கூடாரத்துக்குள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மாமியார் சபீராவின் குரல் பாதியில் அறுந்தது.

தாஷ்தன்பெக் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"கறியில உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

கிளம்பும்போது விருந்தாளிக்கு வழக்கமாகக் கொடுத்தனுப்பும் பங்குக் கறியைப் பையில் கட்டி வாங்கிக்கொள்ள அவர் மறக்கவில்லை.

கார் போனபிறகு ஜிபார் அவருடைய தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவிவிட்டு மறுபடி தேய்த்தாள். கருப்பு முக்காட்டோடு சபீரா கூடாரத்திலிருந்து வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். மருமகளின் கையிலிருந்து தட்டை வாங்கி, பானையின் அடியில் தங்கியிருந்த கசடை அதில் ஊற்றி, கொட்டகைக்குப் பின்னால் நாய் கட்டியிருந்த இடத்தில் வைத்தாள். பிறகு கூடாரத்துக்குள் போய், துக்கம் காக்கும் மனைவியின் வழக்கப்படி கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது.