அண்ணி சொன்னது

பஸ் ஆக்லாந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது பூங்கோதை என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"அண்ணா, வியாழக்கிழமை காலையில உங்க வீட்டுக்கு வர்றேன். அண்ணியைப் பார்க்காம ஊருக்குப் போறதா இல்ல."

என் கால் தானாகப் பிரேக்கில் போய் மிதித்தது. முன்னால் ஒரு வாகனமும் இல்லை. இருபத்துநான்கு பேரும் முன்னுக்கு ஒரு தரம் சாய்ந்து நிமிர்ந்தார்கள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று மைக்கில் சொன்னேன். ஒன்றுமில்லையாம்!

என் பெயர் எட்வேட். மன்னார்க்காரன். ஆக்லாந்துக்கு வந்து இருபத்தாறு வருடம், அதில் பதினெட்டு வருடம் சுற்றுலா பஸ் ஓட்டம். தமிழ்நாட்டிலிருந்து குழு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நல்லாக ஓட்டுவேன், அதைவிட நல்லாகக் கதைப்பேன். மைக் கையில் கிடைத்தால் மலை, ஏரி, ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பேன். இந்தக் குழுவுக்குப் பதினாறு நாள். கிறைஸ்ட்சர்ச்சில் ஏற்றி, தெற்குத் தீவைச் சுற்றி, கப்பலில் பஸ்ஸோடு கடல் தாண்டி, வெலிங்டன், ரொட்டோருவா என்று மேலே வந்து, ஆக்லாந்தில் விமானம் ஏற்றிவிட்டால் என் வேலை முடிந்தது.

பூங்கோதை கரூர்ப் பெண். மின்வாரியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவரோடு வருவதற்கென்று திட்டம் போட்ட பயணம் இது. அவர் எட்டு மாதத்துக்கு முன்னர் போய்விட்டார், இவர் தனியாக வந்தார். முதல் நாளே எனக்கு நேர் பின்னால் இருந்த சீற்றைப் பிடித்துக்கொண்டார். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அண்ணா என்றார். விசாரித்துப் பார்த்தால் இருவருக்கும் அறுபத்தொன்று.

"பதினாறு நாளும் அண்ணி வீட்டுல தனியாவா இருப்பாங்க?" என்று அன்றைக்குக் கேட்டார்.

"ஓம் அக்கா. அவ பழகிட்டா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என் மனைவி மரியநாயகி மூன்று வருடத்துக்கு முன்னர், மகள் ஜெசிக்காவின் பிள்ளையைப் பார்க்கவென்று கிளென்ஃபீல்டுக்குப் போனவ, திரும்பி வரவில்லை என்று முன்பின் தெரியாத மனுசியிடம் எப்படிச் சொல்வது? சண்டை ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கென்று போனவ. பிறகு நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. ஆக்லாந்துக்குள்ளேயேதான், துறைமுகப் பாலத்தைத் தாண்டினால் இருபத்தைந்து நிமிடம். நான் வருடத்தில் இரண்டு தரம், டிசம்பரில் நத்தாருக்கும் பேத்தியின் பிறந்தநாளுக்கும் போய்க் கேக் சாப்பிட்டுவிட்டு வருவேன். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பூங்கோதை, "அண்ணிகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க, அண்ணா நல்லா ஓட்டுறாருன்னு சொல்லுங்க" என்றார். அதற்கு அடுத்த நாள், "சொன்னீங்களா? என்ன சொன்னாங்க?"

பஸ் முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. மைக்கை எடுத்தேன். "'அவருக்கு வாய் நீளம், றோட்டைப் பாத்து ஓடச்சொல்லுங்கோ' எண்டவ."

ஒரே சிரிப்பு. அதோடு அது வழக்கமாகிப் போயிற்று. தினமும் காலையில் தலைகளை எண்ணி முடித்ததும் வழிகாட்டிப் பொடியன் கோகுல் கேட்பான், "எட்வேட் சார், இன்னிக்கு அண்ணி என்ன சொன்னாங்க?" குவீன்ஸ்டவுனில் குளிர் கடுமை என்றால் அண்ணி இஞ்சி போட்டுக் குடிக்கச் சொன்னா. பூங்கோதையின் முழங்கால் வலிக்கு நல்லெண்ணெய் பூசச் சொன்னா. அண்ணிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒருநாள் பூங்கோதை கேட்டார். அதை மட்டும் நான் யோசிக்காமலே சொன்னேன், ஏனென்றால் அது பொய் இல்லை. "மஞ்சள். மடு மாதா கோயில் திருவிழாவில மஞ்சள் சேலையோட நிண்டவ. அண்டைக்குக் கண்டு விழுந்தவன்தான், இன்னும் எழும்பேல்லை." பஸ்ஸே கைதட்டியது.

தௌப்போ ஏரிக்கரையில்தான் அது விளையாட்டு இல்லாமல் போயிற்று. எல்லோரும் படம் பிடிக்க இறங்கிவிட்டார்கள். பூங்கோதை மட்டும் பஸ்ஸுக்குள் இருந்தார்.

"அண்ணா, அண்ணிகிட்ட ஒன்னு கேக்கணும். அவரோட சட்டையெல்லாம் பீரோவுல அப்படியே இருக்கு. எடுத்துக் குடுத்துடுன்னு பையன் சொல்றான். கை வரமாட்டேங்குது. அண்ணி என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கவேண்டும். அடுத்த நாள் காலை, மைக் இல்லாமல், திரும்பி மெதுவாகச் சொன்னேன். "'ஒண்டை மட்டும் வைச்சிருங்கோ. மற்றதுகளைக் குடுத்திடுங்கோ. அவர் கோவிக்கமாட்டார்' எண்டு சொன்னவ."

பூங்கோதை கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஹமில்டன் வரைக்கும் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "அண்ணி பெரிய மனுஷி" என்றார். எனக்கு, சொன்னால் வெட்கம், பெருமையாக இருந்தது.

அந்தப் பெரிய மனுஷியைத்தான் இப்போது வியாழக்கிழமை வீட்டில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். கோகுல் எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டான். கடைசி நாள் காலை ஆக்லாந்திலேயே மவுண்ட் வெலிங்டன் மோலில் இரண்டு மணித்தியாலம் சொப்பிங், என் வீடு அங்கிருந்து ஐந்து நிமிடம். பூங்கோதை புதன்கிழமையே சாண்ட்ரிங்ஹாமில் ஒரு இந்தியக் கடைக்குள் புகுந்து மஞ்சளில் பட்டுச் சேலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

புதன் பின்னேரம் பஸ்ஸைப் போட்டுவிட்டு என் காரை எடுத்துக்கொண்டு கிளென்ஃபீல்டுக்குப் போனேன். நத்தாரும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. பேத்தி கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி இங்கிலீசில் ஏதோ கத்தினாள். ஜெசிக்கா வேலைக்குப் போயிருந்தாள். மரியநாயகி கையைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டா.

"இல்லையில்லை. ஒரு உதவி."

குசினியில், அடுப்புப் பக்கத்து மேசையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணித்தியாலம் வீட்டில் வந்து நின்றால் போதும், தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தால் போதும், நானே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்றேன். நான் முடித்த பிறகு அவ கேட்டா:

"நான் என்னென்ன சொன்னனான்?"

சொன்னேன். இஞ்சி, நல்லெண்ணெய், வாய் நீளம். அதற்கு ஒருக்கால் சிரித்தா. எனக்குத் தைரியம் வந்து சட்டைக் கதையையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"புருசன் செத்த மனுசி. என்ர மனசைக் கேட்டிருக்கிறா. அதுக்கும் நீங்களே பதில் சொல்லிப்போட்டீங்கள்."

"நீர் இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பீர்?"

"பாத்தீங்களே" என்றா. குரலை உயர்த்தவில்லை. "டொக்டரிட்டப் போனால், எங்க நோகுது எண்டு டொக்டர் என்னைக் கேப்பார். நீங்கள் சொல்லுவீங்கள். ஆரும் வீட்டுக்கு வந்து, சுகமோ எண்டு கேட்டால் நீங்கள் சொல்லுவீங்கள். ஜெசிக்கா ஃபோனில அம்மாவைக் குடுங்கோ எண்டால், அம்மா நல்லா இருக்கிறா எண்டு நீங்கள் வைச்சுப்போடுவீங்கள். பதினாறு நாள் நான் இல்லாமலே என்னோட குடும்பம் நடத்தியிருக்கிறீங்கள். முந்தியும் அப்பிடித்தானே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வந்த புதிதில் இவவுக்கு இங்கிலீசு தெரியாது, நான் கதைக்காமல் வேறு யார் கதைப்பது? பிழைக்க வந்த இடத்தில் வாயைத் திறக்காமல் பிழைக்க முடியுமா? அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பிறகு யோசித்தேன், அவ இங்கிலீசு படித்து, பேத்தியோடு இங்கிலீசில் கதைத்து எத்தனை காலம் ஆகிறது. வாயை மூடினேன்.

"பஸ்ஸில நீங்கள் கதைச்சுக் கதைச்சு உண்டாக்கின அந்த அண்ணி நல்லவ போல இருக்கு" என்றா மரியநாயகி. "அவவையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ."

வியாழக்கிழமை மோல் வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். பூங்கோதை சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு இருந்தார். இந்த ஊரில் பூவை எங்கே பிடித்தாரோ. நான் எஞ்சினை நிறுத்தினேன். கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. எழும்பிப் போய் எதிர்ச் சீற்றில் இருந்தேன்.

"அக்கா, அவ வீட்டில இல்லை. மூண்டு வருசமா இல்லை. நான் ஒருநாளும் ஃபோன் பண்ணேல்லை."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. "அப்ப இத்தனை நாளா..."

"நான்தான்."

"அந்த முழங்கால் எண்ணெய்?"

"நான்தான்."

"சட்டை?"

நான் தலையை ஆட்டினேன். அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தலையில் இருந்த பூவை எடுத்துக் கைப்பையில் வைத்தார்.

"எனக்கும் ராத்திரியில பேச ஆள் இல்லண்ணா. அதனாலதான் காலையில அண்ணி என்ன சொன்னாங்கன்னு ஓடி வந்து உக்காருவேன். ஊருக்குப் போயும் அவங்ககூட ஃபோன்ல பேசலாம்னு இருந்தேன்." சேலைப் பையைப் பக்கத்துச் சீற்றில் வைத்தார். "இப்ப நீங்க ஒரே ஆளா அண்ணன், அண்ணின்னு ரெண்டு பேரை எங்கிட்ட இருந்து எடுத்துட்டீங்க."

விமான நிலையத்துக்குப் போகும்போது அவர் கடைசி வரிசையில் போய் இருந்தார். பதினாறு நாளில் முதல் தடவையாக என் பின் சீற் வெறுமையாக இருந்தது. கோகுல், "அண்ணி கடைசியா என்ன சொன்னாங்க சார்?" என்று மைக்கை நீட்டினான். "தொண்டை கட்டிப்போச்சு தம்பி" என்று திருப்பிக் கொடுத்தேன். எனக்குத் தொண்டை கட்டியதை அந்தப் பஸ் அன்றுதான் கேட்டது.

பெட்டிகளை இறக்கினேன். எல்லோரும் கைகொடுத்தார்கள், அண்ணியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். ஒருவர் மிச்சமிருந்த பருப்புப்பொடிப் போத்தலை அண்ணிக்கென்று கையில் திணித்தார். ஓம், ஓம் என்றேன். பூங்கோதை கடைசியாக வந்து சேலைப் பையைத் தந்தார்.

"இது அவங்களுக்குன்னு வாங்கினது. குடுத்துடுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு மெசேஜ் போடுங்க. அவங்க சொன்னது மட்டும். நீங்க ஒன்னும் சேர்க்கக் கூடாது."

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸைக் கழுவக் கொண்டுபோனேன். சீற்றுகளுக்கு இடையில் மிட்டாய்த் தாள், ஒரு ஒற்றைக் காலுறை, யாரோ விட்டுப்போன குளிர்த்தொப்பி. இருபத்துநான்கு பேர் இருந்த இடத்தில் வாளி வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. வழக்கமாக ஒரு குழு போனால் அப்பாடா என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பேன். அன்றைக்கு வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது. தனிமை என்று சொல்லும் ஆள் இல்லை நான். ஆனால் அதுதான் அது.

மறுபடியும் பாலம், மறுபடியும் கிளென்ஃபீல்ட். மரியநாயகி வாசலுக்கு வந்தா. உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. பையை நீட்டினேன்.

"அந்த மனுசிக்கு உண்மையைச் சொல்லிப்போட்டன். இது உமக்கெண்டு வாங்கினது, குடுக்கச் சொன்னவ."

அவ பையைத் திறந்து சேலையைப் பாதி வெளியே எடுத்துப் பார்த்தா. உமக்கு இந்த நிறம் நல்ல எடுப்பு என்று நுனி நாக்கு வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்பா வாங்கியிருக்கிறா. வைச்சுக்கொள்ளுறன்" என்றா. பிறகு சொன்னா, "எனக்கு மஞ்சள் பிடிக்காது."

"மடுவில..."

"அது என்ர அக்காட சேலை. என்ர சேலை மழையில நனைஞ்சுபோச்செண்டு அண்டைக்கு ஒருநாள் கட்டினது."

முப்பத்திரண்டு நத்தார். வருடத்துக்கு ஒன்றாக முப்பத்திரண்டு மஞ்சள் சேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் கடையிலேயே, அவவுக்கு இதுதான் பிடிக்கும் என்று அவவை முன்னுக்கு வைத்துக்கொண்டு கடைக்காரனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவ பக்கத்தில் நின்றிருக்கிறா.

"அப்ப உமக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு நின்றேன். நீலமோ, பச்சையோ, ஊதாவோ என்று எடுத்துக் கொடுக்க வாய் உன்னியது. கொடுக்கவில்லை. உள்ளே பேத்தி ஏதோ கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மரியநாயகி சேலையை மடித்தா, பைக்குள் வைத்தா, என் முகத்தைப் பார்த்தா.

"தெரியாது" என்றா. "ஒருத்தரும் கேட்டதில்லை."

கதவை மெதுவாகத்தான் சாத்தினா.

காருக்குள் வந்து இருந்து பூங்கோதைக்குத் தட்டினேன். மஞ்சள் பிடிக்காது, அது என்ர அக்காட சேலை, அன்பா வாங்கியிருக்கிறா, வைச்சுக்கொள்ளுறன். என்ன நிறம் எண்டு கேட்டன், தெரியாது, ஒருத்தரும் கேட்டதில்லை எண்டு சொன்னவ. அதற்குக் கீழே, ஆனால் அவவுக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான் என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது, விமானம் கிளம்பியிருக்கும்.