உள்வாயில் விழும் கல்

நிலக்கரி கழுவும் ஆலையில் சுருள்தொட்டிகளின் அடியில் நின்றால், கத்தினால்தான் காதில் விழும். நிலக்கரித் தூளும் தண்ணீரும் கலந்து மேலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும். கனமான கல்தூள் உள்பக்கமாகவே ஊர்ந்து வரும். லேசான கரி வெளிவிளிம்புக்கு ஓடும். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் உள்ள தகட்டைத் திருப்பி இரண்டையும் பிரிக்க வேண்டும். உள்வாயில் விழுவது குப்பை, வெளிவாயில் விழுவது சரக்கு.

புது மேலாளர் இரும்புத்தாது ஆலையிலிருந்து வந்தவர். அங்கே கனமானதுதான் சரக்கு. வந்ததும் வராததுமாக, "உள்வாயை நல்லா அகலமா வைங்க, சரக்கு கூடும்" என்றார்.

"கரியில அது தலைகீழ் சார். உள்ள வர்றது கல்லு" என்றாள் பயிற்சிப் பொறியாளர். அவள் வேலை நிரந்தரமாக அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து நான் சுருள் பாக்கறேம்மா."

தகட்டைத் திருப்ப வேண்டிய ஆபரேட்டர் அவளைப் பெற்ற அப்பா. ஆலைக்குள் அவரை அப்பா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. மற்றவர்களைப் போல அண்ணே என்றும் கூப்பிட முடியாது. 'இங்க பாருங்க' என்றே காலம் தள்ளினாள். அவரோ அவளை மேடம் என்பார். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே.

"இங்க பாருங்க, திருப்பாதீங்க."

"சும்மா இருங்க மேடம். கையெழுத்து வாங்கற நேரத்துல வம்பு எதுக்கு?"

திருப்பினார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

மதியத்துக்குள் குப்பை பெல்ட் கன்னங்கரேலென்று மின்னியது. நல்ல கரியெல்லாம் கல்லோடு போய்க்கொண்டிருந்தது. ஆலைத் தலைவரே இறங்கி வந்துவிட்டார்.

"தகட்டைத் தொட்டது யாரு?"

மேலாளர் அழுத்தமானியை உற்றுப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாந்தாங்க. கை தவறிடுச்சு."

கை தவறினால் ஒரு தகடு திரும்பும். வரிசை முழுக்கவா திரும்பும்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளர் மேல் அல்ல, அப்பா மேல்.

"கை தவறல சார். மேலாளர் சொன்னாரு, இவரு திருப்பினாரு. தப்புன்னு தெரிஞ்சும் நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"இவரு உங்களுக்கு யாரு, இப்படி வக்காலத்து வாங்கறீங்க?" என்றார் மேலாளர்.

"எங்கப்பா."

தலைவர் பெல்ட்டைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். "முதல்ல பழையபடி திருப்புங்க" என்றார்.

வரிசையின் ஒரு முனையிலிருந்து அவளும் மறுமுனையிலிருந்து அப்பாவும் திருப்பிக்கொண்டே வந்தார்கள். உள்வாயில் பழையபடி சாம்பல் நிறக் கோடு மட்டும் மெலிதாக விழுந்தது.

சாயங்காலமே தாள் வந்தது. பயிற்சிக்காலம் நீட்டிப்பு. காரணம்: பணிவு போதாது. கீழே மேலாளரின் கையெழுத்து.

வாசலில் அப்பா பொருமினார்: "கொஞ்சம் வாய அடக்கியிருக்கலாம்ல மேடம்?"

"மேடம்னு கூப்பிடாதீங்கப்பா."

"சரிங்க" என்றார்.