மாடி வீட்டுக்காரர்

என் மனைவியின் தங்கை நேர்காணலில் தேறிவிட்டாள். வெளிநாட்டுத் தூதரக வேலைக்குப் படிக்கிறவர்களின் முழுச் செலவையும் அரசே ஏற்கும் திட்டம் அது. வீட்டு விசாரணை ஒன்றுதான் பாக்கி.

"போன வருஷம் ஒரு பையனைக் கழிச்சுட்டாங்க," என்றார் மாமனார். "அண்ணன் செத்து வருஷம்கூட ஆகல. அந்தத் துக்கத்துல பெத்தவங்க பாதியில திரும்பக் கூப்பிட்டுக்குவாங்கன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

அதனால் என் மனைவியின் படத்தைக் கழற்றிப் போர்வைகளுக்கு அடியில் வைத்தார்கள். அவள் காய்ச்சலில் இறந்துபோன அந்த மழைக்காலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. வெறும் ஆணி தெரிந்தது. மாமியார் அதில் காலண்டரை மாட்டினார்.

"அப்ப நான் யாரு?"

மாமனார் யோசித்தார். "மாடியில குடியிருக்கீங்க. நிஜம்தானே? வாயைத் திறக்காம இருந்தா போதும் மாப்பிள்ளை."

"அத்தான், உங்களுக்குக் கஷ்டம்னா விட்டுடலாம்," என்றாள் தங்கை. விட்டுவிடக் கூடாது என்று அவள் முகம் சொன்னது. சரி என்றேன். அப்போது எனக்கு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். தொப்பை, சிரித்த முகம். டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"பெத்தவங்களை நாங்க கேக்கறதே இல்லை. அவங்கவங்க பொண்ணை ஆகா ஓகோன்னுதான் சொல்லுவாங்க. வெளி ஆள் யாராவது வேணும். சார் யாரு?"

"மாடியில குடியிருக்கேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு!" நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமனாருக்குப் புரையேறியது.

"பொண்ணு எப்படி?"

"தெளிவான பொண்ணு."

"கூடப் பொறந்தவங்க?"

மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் இல்லை. ஒரே பொண்ணு."

"கண்காணாத ஊர்ல போட்டா விடுவாங்களா?"

"விடுவாங்க."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லை."

"கொடுத்து வச்ச மனுஷன்!" என்று குலுங்கிச் சிரித்தார். மாமனாரும் சிரிக்க வேண்டியிருந்தது.

அதிகாரி தங்கையைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் இவ்வளவு சொல்ல மாட்டாங்கம்மா. சாருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு."

அவள் என் கண்ணை நேராகப் பார்த்தாள். "தேங்க்ஸ் சார்." குரல் பிசிறவில்லை.

"இந்த நிதானம்தான் இந்த வேலைக்கு வேணும்," என்றபடி அதிகாரி எழுந்தார். "கவலைப்படாதீங்க. நல்லபடியா எழுதிடறேன்."

அவர் படியிறங்கியதும் மாமியார் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அழுகை கேட்டது. மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காப்பாத்திட்டீங்க மாப்பிள்ளை." தங்கை உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மாலையில் என்னைச் சாப்பிடக் கூப்பிட மாடிக்கு வந்தாள். வாசலில் நின்று வாயைத் திறந்தாள், மூடினாள்.

"சாப்பாடு ஆயிடுச்சு," என்று மட்டும் சொன்னாள்.

அவள் தேர்வானாள். புறப்பட்ட நாளில் ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கி வைத்தேன். அன்றும் அவள் என்னை அத்தான் என்று கூப்பிடவில்லை. ரயில் நகர்ந்தபோது கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.